பந்து நகர்ந்ததா என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் சுகம், உன் அம்மாவும் சுகம், அவ முழங்கால் மட்டும் அப்பப்ப முரண்டு பிடிக்குது. அங்கே நீயும் உன் இடது மணிக்கட்டும் எப்படி இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கணும். போன்ல பேசினா பாதி நேரம் நீ அழறே, மீதி நேரம் உன் அம்மா அழறா, நடுவுல எனக்கு வாயைத் திறக்க வழியே இல்லை, அதான் உக்காந்து எழுதறேன். பல் செட்டுப் பட்டறையில வேலைக்குக் குறைச்சல் இல்லை, பல் விழாத மனுஷன் உண்டா, வந்துகிட்டேதான் இருக்காங்க. வீட்டு அலமாரியில இடமில்லைன்னு உன் அம்மா உன் கோப்பைகளை எல்லாம் பட்டறைக் கண்ணாடிப் பெட்டிக்கு அனுப்பிட்டாளே, இப்ப மேல் தட்டுல கோப்பைகள், கீழ்த் தட்டுல பல் செட்டுகள். போன வாரம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மேல் பல் செட்டுக்கு வந்தவர் அதை ஏற இறங்கப் பாத்துட்டு, பல் கட்டறதுக்குக்கூட இவ்வளவு பரிசு தர்றாங்களான்னு கேட்டார். ஆமாம்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் ஆசையா இருந்துது. அப்புறம், அதெல்லாம் என் மக கோல்ஃப் ஆடி வாங்கினதுன்னு சொன்னேன். திறந்த வாய் மூடலை மனுஷனுக்கு, எனக்கு அளவெடுக்க சௌகரியமாப் போச்சு.

காலையில கடை திறந்ததும் அந்தக் கோப்பைகளைத் துடைக்கிறதுதான் எனக்கு முதல் வேலை. அந்த நேரத்துல ஜன்னல் வழியா வெயில் சாய்வா விழும், பிளாஸ்டர் தூசி அதுல மிதந்துகிட்டே இருக்கும், கீழே வந்து சேரவே சேராது. துணியைக் கையில எடுத்தேன்னா அப்புறம் நான் இங்கே இல்லை. காது உடைஞ்ச அந்தக் குட்டிக் கோப்பை இருக்கே, சின்னப் பிள்ளைங்க போட்டியில வாங்கினது, உன் பேரைக் கூப்பிட்டப்ப நீ புல்லுல சுருண்டு தூங்கிகிட்டிருந்தே, தூங்கினவளை அப்படியே தூக்கிட்டுப் போய் மேடையில நிறுத்தினேன், கண்ணைத் திறக்காமலே கை நீட்டி வாங்கினே. அதுக்குப் பக்கத்துல நீ தொழில்முறை ஆட்டக்காரியா ஆனப்புறம் முதல்ல ஜெயிச்சது, மழை கொட்டிகிட்டிருக்க மணல் பள்ளத்துல இருந்து நீ அடிச்ச பந்து நேரா குழிக்குள்ள போய் விழுந்துதே, அது. அப்புறம் நீளக் கழுத்து வெள்ளிச் சாடி, அதை உனக்கு முன்னாடி யாரும் மூணு வருஷம் விடாம ஜெயிச்சதில்லைன்னு டிவியில சொன்னாங்க, உன் அம்மா அதைக் கேட்டுட்டுப் பாலைப் பொங்க விட்டுட்டா. தரவரிசையில நீ முதல் ஆளா இருந்த வருஷத்துக் கேடயம், ஒரே அடியில குழியில போட்டதுக்குக் கொடுத்த கண்ணாடிப் பந்து, எல்லாத்தையும் துடைச்சு முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப் போகும். நீ அடிக்கிற பந்து மேலே போய் ஆகாசத்துல காணாமப் போயிடுதா, நான் டிவியை விட்டுட்டு நம்ம வீட்டுக் கூரையைப் பாத்துகிட்டு நிப்பேன், அங்கேதான் எங்கேயோ இருக்குங்கற மாதிரி. இப்பல்லாம் அடிக்கடி ஒரு கனவு வருது. முடிவே இல்லாத பச்சைப் புல்லு, நீ முன்னாடி நடக்கறே, உன் மட்டைப் பையைத் தூக்கிகிட்டு நான் பின்னாடி வரேன், பையில கனமே இல்லை, எனக்கும் வயசே இல்லை. நீ திரும்பிப் பாத்து ஏதோ கேக்கறே, எனக்குக் காதுல விழலை. அதோட முழிச்சுக்கறேன்.

சரி, சுத்தி வளைச்சது போதும். நீ கேட்டதுக்கு வரேன். அந்தப் பெரிய போட்டியோட கடைசி நாள், நீதான் முன்னாடி இருந்தே, பந்து நீளப் புல்லுக்குள்ள கிடந்துது. மட்டையைப் பந்துக்குப் பின்னாடி கொண்டுபோய் வெச்சவ அப்படியே சிலையா நின்னுட்டே. அப்புறம் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டு, என் மட்டை பட்டுப் பந்து நகர்ந்துடுச்சுன்னு நீயா சொன்னே. அவர் பாத்தார், கூட ஆடின பொண்ணு நான் கவனிக்கலைன்னா, கேமராவுல பாத்தவங்க ஒண்ணும் தெரியலைன்னாங்க, கடைசியில உன் பேச்சுதான்னு உன்கிட்டயே விட்டுட்டாங்க. நீ தண்டனையா ஒரு அடியைக் கூடச் சேத்துகிட்டே. அடி குறைஞ்சவங்கதானே ஜெயிக்கற ஆட்டம், அன்னிக்கு அந்த ஒரே அடியிலதான் கோப்பை கை நழுவிப் போச்சு. உன் அம்மா டிவியை அணைச்சுட்டுப் போய்ச் சுத்தமா இருந்த பக்கெட்டை எல்லாம் கழுவினா. உன் மாமா, பிழைக்கத் தெரியாத பொண்ணுன்னார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. பந்து நகரவே இல்லை, அந்தப் பொண்ணுக்குப் பிரமைன்னு ஆளாளுக்கு டிவியில பேசினாங்களே, அதுதான் உன்னைப் போட்டுத் தின்னுது. இப்ப ஒவ்வொரு தடவை குனியறப்பவும் பந்து நகர்ற மாதிரியே இருக்கு, அடிக்கக் கை வரலை, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன்னு சொன்னே. நீங்க பாத்தீங்களே அப்பா, நகர்ந்துதா இல்லையா, நீங்க சொன்னாப் போதும்னு கேட்டே. லைன் சரியில்லைன்னு மழுப்பினேன். லைன் நல்லாத்தான் இருந்துது.

வந்துடறேன்னு நீ சொன்னதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துது, அதை மறைக்க மாட்டேன். உன் அம்மாவுக்குத் தெரியாம உன் கட்டில் மேல குவிஞ்சிருந்த துணியை எல்லாம் எடுத்துட்டு விரிப்புகூட மாத்திட்டேன். இந்தக் கடிதத்துல நகர்ந்துதுன்னு எழுதுங்க, பிள்ளை நிம்மதியாத் தூங்கட்டும்னு உன் அம்மா சொன்னா. நானும் அப்படி எழுதத்தான் உக்காந்தேன். ஆனா உன் மாமா அந்தக் காட்சியை மெதுவா ஓட்டிக் காட்டினார், திரும்பத் திரும்பப் பாத்தோம். என் கண்ணுக்கு நகரலைம்மா. புல்லு அசையுது, பந்து அசையலை. இதை எழுத எனக்குக் கை வரலை, இருந்தாலும் எழுதறேன். யாரும் பாக்காதப்ப கையைத் தூக்கினவளுக்கு அப்பன் பொய்யை உறையில போட்டு அனுப்பலாமா.

ஆனா நான் பாத்தது எங்கேயோ தள்ளி நின்னு எடுத்த படம். நீ பந்துக்கு நேர் மேல நின்னே. நகர்ந்துதுன்னு உனக்குப் பட்டுது, பட்டதைச் சொன்னே. கண்ணு ஏமாந்திருக்கலாம், ஏமாந்தா ஏமாந்துட்டுப் போகுது, அது கண்ணோட தப்பு, உன்னோடது இல்லை. பட்டதை முழுங்கிட்டு அடிச்சு ஜெயிச்சிருந்தேன்னு வெச்சுக்கோ, அப்பவும் உனக்குத் தூக்கம் போயிருக்கும், போன தூக்கம் திரும்பியும் வந்திருக்காது. அதனால பெட்டி கட்டாதே. அடுத்த போட்டிக்குப் போ. பந்து நகர்ந்த மாதிரி மறுபடியும் தோணுச்சுன்னா மறுபடியும் கையைத் தூக்கு, எத்தனை தடவை தோணுதோ அத்தனை தடவையும் தூக்கு. அத்தனையிலும் தோத்துட்டு வந்தாலும் நான் வாசல்லதான் நிப்பேன், உன் பையை வாங்கிக்க. நகர்ந்துதா இல்லையான்னு மட்டும் இனிமே யாரையும் கேக்காதே, என்னையும் கேக்காதே.

மணிக்கட்டுக்கு மறக்காம ஒத்தடம் கொடு. தொப்பி இல்லாம வெயில்ல நிக்காதே, போன தடவை மூக்கு உரிஞ்சு போய்த் தெரிஞ்சுது. வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே நின்னாலும் உன் காலடி மண்ணு உனக்குக் கெட்டியா இருக்கட்டும், நூறு வயசு நல்லா இரு. நான் என்ன எழுதியிருக்கேன்னு உன் அம்மாவுக்கு உறையை ஒட்டினப்புறம்தான் சொல்லப் போறேன்.

என்றும் உன் நினைவாக,
அப்பா

ஒட்டறதுக்குள்ள நான் படிச்சுட்டேன். நகர்ந்துதுன்னு எழுதச் சொன்னேன், கேட்டாத்தானே. நீயும் அப்படியே அவரை உரிச்சு வெச்சிருக்கே, நான் யாரைச் சொல்லி என்ன. போய் ஆடு கண்ணு. அம்மா.