கூட்டுக் கடனாளிகள்

ஜூன் 10, செவ்வாய்

இன்று மாலை முழுக்கச் சட்டை மடித்தேன். பள்ளி விட்டால் நேரே துணிக்கடை, கடை விட்டால் நேரே வீடு. வழியில் ஐஸ்கிரீம் வண்டிக்காரர், "என்னம்மா, இப்பல்லாம் கண்டுக்கவே மாட்டேங்குற?" என்று கேட்டார். கண்டால் வாங்கிவிடுவேன் அண்ணே, அதனால்தான் காணவில்லை.

கடன் எனக்கு மட்டும் இல்லை, கணக்குக்கும். கணக்கு என்பது ஒரு பையன். பில் போடுகிற மேசையில் உட்காருகிறவன், என் வயதுதான். வீட்டில் ஏதோ நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீதிச் சில்லறையை எண்ணி, மறுபடி எண்ணி, கொடுத்த பிறகு வாடிக்கையாளர் கையில் இருப்பதையும் கண்ணாலேயே எண்ணுவான். சிரிப்பைக்கூட எண்ணித்தான் செலவழிப்பான்.

பொம்மை விவகாரத்தை இங்கே எழுதி வைக்கிறேன், என் வாழ்க்கை வரலாற்றை எழுதப்போகிறவர்கள் அலைய வேண்டாம். போன மாதம் கடை மூடுகிற நேரம். வாசல் கண்ணாடிக்கு உள்ளே துணி மாட்டி நிற்கிற பொம்மைகளோடு நானும் ஒரு பொம்மையாக நின்றேன். புதுக் கோட்டு, தொப்பி, ஒரு கை இடுப்பில், மூச்சுக்கு விடுமுறை. கணக்கு அந்த நேரத்தில்தான் விலைச்சீட்டு சரிபார்க்க வருவான். வந்தான். என் கோட்டில் தொங்கிய சீட்டைத் தூக்கினான். நான் மெதுவாக, "எனக்கு எவ்ளோ தள்ளுபடி?" என்றேன்.

"அம்மா!" என்று ஓர் அலறல். பின்னால் பாய்ந்தான். முதல் பொம்மை இரண்டாவதன் மேல், இரண்டாவது மூன்றாவதன் மேல், மூன்றாவது ஆளுயர நிலைக்கண்ணாடியின் மேல். அத்தனை பொம்மைகளில் கீறல் படாமல் தப்பியது நான் ஒருத்திதான்.

முதலாளி ஓடி வந்தார். ஒரு தலை உருண்டு போய் அவர் செருப்பில் முட்டி நின்றது. "யாரு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கணக்கு, "என் முதுகு இடிச்சுதான் சார் விழுந்துச்சு" என்றான். பைத்தியம்! என் குறும்புக்கு அவன் முதுகு ஏன் சாட்சி சொல்ல வேண்டும்? நான்தான் பயமுறுத்தினேன் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

"அப்ப நஷ்டத்துல ஆளுக்குப் பாதி" என்றார் முதலாளி. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அவர் மேசையில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அதற்கும் ஒரு சட்டம் போட்டார்: "ஜோடியா உடைச்சீங்க, ஜோடியா வந்து கட்டுங்க. 'அவன்கிட்ட குடுத்தேன், அவகிட்ட குடுத்தேன்'ற கதையெல்லாம் என்கிட்ட வேகாது. ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தர் காசையும் தொட மாட்டேன்."

ஜூன் 14, சனி

கட்டினோம். பிறகு பஸ் நிறுத்தம் வரை சேர்ந்தே நடந்தோம், போகிற வழி ஒன்று என்பதால். (ஒன்றா? அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நிறுத்தம் இருப்பதாகக் கடையில் தைக்கிற தையல் அக்கா சொல்கிறார். எனக்கென்ன.)

"உன் கையில காசு ஏன் தங்கவே மாட்டேங்குது?" என்றான்.

"அவ்ளோ மிருதுவான கை. வழுக்கிடுது."

அவன் சிரித்தான். எண்ணாமல்.

வீட்டுக்கு வந்தால் என் அக்கா வாசலிலேயே நிற்கிறாள். பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. நாள் முழுவதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள். "யாருடி அவன், பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தது? வேலை விட்டு வர்றப்ப பார்த்தேன்."

"கூட்டுக் கடனாளி."

"அது உறவா?"

அதுதானே எனக்கும் தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ரப்பர் பல்லி ஒன்று வாங்கினேன். அத்தியாவசியச் செலவு.

ஜூன் 18, புதன்

பல்லியைக் கணக்கின் கல்லாப் பெட்டிக்குள் வைத்தேன். திறந்தான், பார்த்தான், வாலைப் பிடித்துத் தூக்கினான். "இது என்ன விலை?" என்றான். சொன்னேன். "சனிக்கிழமை கட்ட வேண்டியதுல இருந்து எடுத்தியா?" அவ்வளவுதான் கேட்டான். கத்தவில்லை, பயப்படவில்லை. பல்லியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்குமே முதுகெலும்பு இல்லை என்று இன்றைக்குத் தெரிந்தது.

ஜூன் 22, ஞாயிறு

சிக்கனத்துக்கு ஒரு மகத்தான வழி கண்டுபிடித்தேன். நான் பணத்தைத் தண்ணியாய்ச் செலவழிக்கிறேன் என்பது அம்மாவின் நெடுநாள் புகார். ஆகவே உறைய வைத்துவிட்டேன். நோட்டுகளை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றி, குளிர்ப்பெட்டியில். ஏதாவது வாங்க ஆசை வந்தால் கட்டி உருகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆசை உருகிவிடும். அறிவியல்!

ஜூன் 26, வியாழன்

அறிவியல் தோற்றது. சித்தி வந்திருந்தார். வெயில். அம்மா பழச்சாறு போட ஐஸை எடுத்து உலக்கையால் ஒரே போடு. கூடத்தில் சித்தியின் குரல்: "அக்கா, உங்க வீட்டு ஐஸ்ல நோட்டு முளைச்சிருக்கு!"

அம்மா என்னைத்தான் பார்த்தார். வீட்டில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஆனாலும் என்னைத்தான். "ஏய் வாலு, இது எந்தக் கடையில திருடினது?"

பொம்மைக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "அந்தப் பையன் எதுக்குடி பாதி கட்டறான்? விழுந்தவன் கிட்டேயே வசூலா?" என்றார்.

சித்தி பழச்சாற்றை உறிஞ்சியபடி, "இதுகூடப் புரியலையா அக்கா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 5, சனி

சொல்லிவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்றேன். நேராக, நல்ல தமிழில்.

கணக்கு என்ன செய்தான் தெரியுமா? முதலில் தன் முதுகைத் தடவிப் பார்த்தான், சீட்டு ஏதும் ஒட்டியிருக்கிறேனா என்று. (ஒருமுறை 'பாதி விலை' என்று ஒட்டியிருந்தேன். ஒரு நாள் முழுக்க அதோடே பில் போட்டான்.) பிறகு நிழற்குடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தான். "யாரு ஒளிஞ்சிருக்காங்க? தையல் அக்காவா?"

"யாரும் இல்ல."

"போன வாரம் தீ விபத்துன்னு சொன்னப்பவும் யாரும் இல்லைன்னுதான் சொன்ன."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். சன்னல் வழியாகப் பார்த்தால் அவன் இன்னும் அந்தத் தொட்டிக்குள்தான் தேடிக்கொண்டிருந்தான்.

ஜூலை 6, ஞாயிறு

ஐயோ. ஐயோ ஐயோ ஐயோ.

ஜூலை 8, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். கிண்டல் பண்ணுவாள் என்று நினைத்தேன். பண்ணினாள். முடித்துவிட்டு, "இத்தனை நாள் எல்லார்கிட்டயும் பொய்யாவே செலவழிச்சுட்ட. இப்ப நிஜத்தை நீட்டினா செல்லாத நோட்டு மாதிரி திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல" என்றாள்.

ஆக எனக்கு இரண்டு கடன். முதலாளிக்கு ஒன்று. இன்னொன்றை எந்த மேசையில் கட்டுவது?

இன்றிலிருந்து குறும்புச் செலவும் நிறுத்தம்.

ஜூலை 12, சனி

குறும்பில்லாத முதல் வாரம். விளைவு: கடையில் எல்லோருக்கும் கிலி. நான் சும்மா "வணக்கம் சார்" என்றதற்கு முதலாளி நாற்காலியைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தையல் அக்கா தன் தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்க்கிறார். கணக்கு என் கையிலிருந்து பேனா வாங்கும்போது கைக்குட்டையால் பிடித்து வாங்கினான்.

நல்லவளாக இருப்பது இவ்வளவு பேரைப் பயமுறுத்தும் என்று தெரிந்திருந்தால் முன்பே செய்திருப்பேன்.

ஜூலை 20, ஞாயிறு

கணக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருகிறானாம், கிடங்கில் சரக்கு எண்ண. ஏன் என்று நேற்றே கேட்டேன். "சீக்கிரம் முடிச்சிடலாம்ல" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு.

சீக்கிரம் முடிக்கணுமாம்! அப்படி என்ன அவசரம்? கடன் முடிஞ்சா ஜோடியா வர வேண்டாம். ஜோடியா வர வேண்டாம்னா என்கூட நடக்க வேண்டாம். அதானே? வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சரக்கை எண்ணி எண்ணி என்னைக் கழிக்கப் பார்க்கிறான்.

ஆகஸ்ட் 2, சனி

ஒரு காரியம் செய்தேன். பெருமைப்படும்படி இல்லை.

கடன் ஆடி அசைந்து போகட்டும் என்று என் பங்கில் பாதியைச் செலவழித்தேன், வேண்டுமென்றே. நகப்பூச்சு, வளையல், இரண்டு ஐஸ்கிரீம். (வண்டிக்காரர், "வாம்மா வா!" என்று மணி அடித்தார்.) இரண்டாவது ஐஸ்கிரீம் இனிக்கவே இல்லை.

மேசையில் வைத்தேன். முதலாளி, "என்னம்மா, பொம்மைக்குப் பாதித் தலைதான் வாங்குறதா?" என்றார். நான் சொல்வதற்குப் பொய் தேடிக்கொண்டிருக்கும்போதே கணக்கு தன் சட்டைப் பையிலிருந்து மீதியை எடுத்து வைத்தான். கிடங்குக் காசு. என் நகத்தை மட்டும் ஒருமுறை பார்த்தான். பளபளவென்று இருந்தது, சனியன்.

பஸ் நிறுத்தம் வரை கையைப் பைக்குள் விட்டுக்கொண்டே நடந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நகப்பூச்சை அழித்துவிட்டேன். வளையலை அக்காவிடம் விற்றேன். பேரம் பேசினாள், ராட்சசி.

ஆகஸ்ட் 4, திங்கள்

கணக்குக்குத் தர வேண்டியதை அவன் மேசையில் வைத்தேன். "இது என் பங்கு. போன வாரம் வேணும்னேதான் கம்மியா கொண்டு வந்தேன்."

"ஏன்?"

"சொன்னா நம்ப மாட்ட."

அவன் அந்த நோட்டுகளை எண்ணாமலே பைக்குள் வைத்தான். எண்ணாமல்! நான் பார்த்தேன். பின்னால் நின்ற வாடிக்கையாளர்கூட ஆச்சரியப்பட்டார் — சரி, அது நான் சேர்த்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாளை கடைசித் தவணை. காசை எடுத்து வைத்துவிட்டேன், முழுசாக. பஸ்ஸுக்குத் தனியாக ஒரு காசு. ஏதாவது ஒரு தந்திரம் செய்து இழுத்துவிடலாம் என்று மூளை நச்சரிக்கிறது. கூடாது. அவனுக்கு விடுதலை வேண்டுமென்றால் கிடைக்கட்டும். நானாகவே கதவைத் திறந்துவிடுகிறேன்.

இதை எழுதும்போது அழவில்லை. அம்மா வெங்காயம் நறுக்குகிறார். வேறு அறையில்தான். ஆனாலும்.

ஆகஸ்ட் 16, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

நான் என் பங்கை வைத்தேன். சரியாக இருந்தது. கணக்கு தன் பங்கை வைத்தான். முதலாளி எண்ணினார். நிமிர்ந்தார். "தம்பி, ஒரு காசு குறையுது."

கணக்கிடமா? குறையுமா? உலகத்தில் எதுவும் நடக்கும், அது மட்டும் நடக்காது. கீழேதான் விழுந்திருக்கும் என்று நான் மேசைக்கு அடியில் புகுந்து தேடினேன். முட்டி போட்டு, தூசி தும்மி, முதலாளியின் செருப்பைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். கணக்கு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி விடுங்க, ஒரு காசுதானே" என்றார் முதலாளி. "கடன் முடிஞ்சுது. போங்க."

"இல்ல சார்" என்றான் கணக்கு. குரல் கீச்சென்று வந்தது. "கடன்னா கடன்தான். அடுத்த சனிக்கிழமை கட்டிடறோம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "உன்கிட்ட ஒரு காசு இருக்காம்மா?"

என் பையில் பஸ் காசு இருந்தது. விரல் நுனியில் தட்டுப்பட்டது.

"இல்ல சார்" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ஒண்ணு. ரெண்டு பேரும் வரணும். தனியா வந்தா வாங்க மாட்டேன்."

வெளியே வந்ததும் கணக்கு பின்னால் இருந்த கையை முன்னால் நீட்டித் திறந்தான். உள்ளங்கையில் அந்தக் காசு, வேர்வையில் ஒட்டிக்கொண்டு.

நான் என்ன செய்தேன்? கதவுக்குப் பின்னால் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் பார்த்தேன். "யாரு ஒளிஞ்சிருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்கு ஞாயித்துக்கிழமைல்லாம் வேலை பார்த்து முடிக்க அலைஞ்ச?"

"கடன் இருக்கும்போது நீ என்கூட வந்தா, கடனுக்காக வர்றியா எனக்காக வர்றியான்னு தெரியாதுல்ல? முடிச்சுட்டுக் கேக்கலாம்னு இருந்தேன்." காசைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா மேசைக்குப் போனதும் பயமாயிடுச்சு. முடிச்சுட்டா அடுத்த வாரம் நீ வராமலே போயிட்டா? கை திறக்கவே மாட்டேன்னுடுச்சு."

நான் என் பஸ் காசை எடுத்து அவன் காசுக்குப் பக்கத்தில் வைத்தேன். கணக்கு அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான், செலவைப் பற்றிக் கவலையே இல்லாமல்.

அந்த இரண்டு காசுக்கு ஒரே ஒரு ஐஸ்கிரீம்தான் வந்தது. வீட்டுக்கு நடந்தே வந்தோம்.

செப்டம்பர் 27, சனி

இன்றும் ஜோடியாகப் போனோம். இன்றும் அதே ஒரு காசு குறைந்தது. முதலாளி இப்போதெல்லாம் எண்ணுவதே இல்லை. எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டுவிடுகிறார். நான் உட்காரும் முன் குனிந்து பார்த்தேன். என் நாற்காலியில் ரப்பர் பல்லி. கணக்கு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.