தந்தைமாருக்குப் பேறுகால ஓய்வு

ஏழேரி நாடாளும் செங்குவளைப் பெருந்தேவியாரின் குடை நிழல் நீள்க. அவர்தம் குடும்ப நல அமைச்சர் திருநிலை நங்கை, கழிமுகக் கூற்றத்து ஆளுநர் அலைகாத்த வல்லங்கீரனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் உப்பளங்கள் வெண்மலையாய்க் குவிக. படகுகள் நிறைந்து கரை சேர்க.

பிள்ளை பிறந்த வீட்டுத் தந்தைக்கு ஒரு பருவம் ஊதிய நெல்லோடு விடுப்பு என்னும் ஆணை வீண், அதை நீக்குக எனத் தாங்கள் எழுதியதை அவை கேட்டது. உண்மையறிய அமைச்சர் தாமே வந்து, உப்பளத்தில் உழைக்கும் வெள்ளச்சியின் குடிசையுள் நுழைந்தார்.

அங்கே அவள் கணவன் காரி தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்துப் பாயில் படுத்திருந்தான். பிள்ளை பெற்றவள் உண்ண வேண்டிய லேகியம் அவன் வாயில் இருந்தது. பச்சை உடம்புக்காரி வெள்ளச்சி அவன் குளிக்க வெந்நீர் சுமந்து வந்தாள். தாய்மாருக்கான பழைய ஆணையில் ‘தாய்’ என்ற இடமெல்லாம் ‘தந்தை’ என்று மாற்றிப் படியெடுத்திருந்தனர் அரண்மனை எழுத்தர். தங்கள் அதிகாரிகளோ அதை வரி பிசகாமல் நிறைவேற்றி, எழுந்து நடமாடிய தந்தையரைக் கண்டித்தும் வந்தனர்.

“உத்தரவுங்க தாயி. எந்திரிச்சா நெல்லை நிறுத்திருவாக” என்றான் காரி.

“இவுகள உப்பளத்துக்கே அனுப்பிருங்க. ஒரு பிள்ளைன்னா சமாளிச்சிருவேன்” என்றாள் வெள்ளச்சி.

அமைச்சர் கண்டெழுதிய இச்செய்தி அவையில் படிக்கப்பட்டபோது சான்றோர் வயிறு குலுங்கச் சிரித்து, பெண்ணே கேட்டுவிட்டாள், இனி ஆணையை நீக்கலாம் என மகிழ்ந்தனர். குடிசையில் அமைச்சரும் சிரித்தவரே. ஆயினும் திரும்பும் வழியெல்லாம் அவருக்குக் கோபம். காரிமேல் அல்ல, வெள்ளச்சிமேல். தூக்கம் கேட்க வேண்டியவள், சுமையில் ஒன்று குறைந்தால் போதும் என்கிறாளே! தாமும் அவையில் குறைத்துக் கேட்டே பழகியவர் என்பது ஊர் எல்லை தாண்டிய பின்னரே அவருக்கு உறைத்தது.

ஆதலின் இம்முறை குறைக்காமல் கேட்டார், பெருந்தேவியார் இசைந்தார். ஆணை இது: விடுப்பு நீங்காது. ஓய்வும் மருந்தும் தாய்க்கு. நீர் சுமப்பதும், துணி அலசுவதும், அழும் பிள்ளையைத் தோளிலிட்டு உலாத்துவதும் தந்தைக்கு. அவன் அதைச் செய்தானா என்பதற்குத் தாயின் வாய்ச்சொல்லே சான்று; அதிகாரியின் சொல் செல்லாது.

மேலும், தங்களுக்கு மகள் பிறந்த நற்செய்தியைத் தங்கள் தேவியார் எழுதி அரண்மனை அறிந்தது. தாங்கள் இன்னும் அவளைத் தூக்கிப் பார்க்கவில்லை என்பதையும் அவரே எழுதியிருந்தார். இவ்வோலை கண்டவுடன் முத்திரை மோதிரத்தைத் துணை ஆளுநரிடம் ஒப்படைத்து இல்லம் ஏகுக. தங்கள் தேவியார் நிறைவு என்று சொன்ன பின்னரே மோதிரம் திரும்பும்.

பெருந்தேவியார் திருமுன் படித்து, ஏரி முத்திரை இட்டது. மறுமொழி ஓலை வேண்டா. தங்கள் கைகளில் பிள்ளை இருக்கும்.