பத்து-பதினொன்று ஸ்பேனர்

பிப்ரவரி 22, காலை 6.20. சங்கரன்கோவில், உன் வீட்டு மாடி அறை. உன் பையிலிருந்து எடுத்தவை: பத்து-பதினொன்று அளவு ஸ்பேனர் ஒன்று, நட்டு நான்கு. கிரீஸ் வாடையோடு ஆற்றுச் சேற்றின் வாடையும் வருகிறது. நீ போய் முப்பத்தொரு நாள் ஆகியும் அது போகவில்லை.

பையை நேற்று உன் அப்பாதான் கொடுத்தார். "இது என்னத்துக்குன்னு எனக்குத் தெரியல தம்பி. கடையில வச்சா எவனாவது எடுத்துட்டுப் போயிருவான். நீயே வச்சுக்கோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "கடைசி வரைக்கும் அவன் உன் கூடத்தான படகுல இருந்தான்?"

ஆமாம் என்றேன். பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் நாம் சேர்ந்த துடுப்புப் படகு கிளப் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று தொடங்கியது. சுவர்ப் பலகையில் கேப்டன்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் இருக்கும். நம்மவர் பெயர் வெகு கீழேதான் ஆரம்பிக்கும். முதல் நாளே நீ அதை முழுக்கப் படித்தாய். "நம்மூர்க்காரன் ஒருத்தனும் இல்லலே. குளத்துல தண்ணி கெடந்தாத்தான" என்றாய். நான்கு பேர் படகில் உனக்கு மூன்றாம் இருக்கை, எனக்கு இரண்டாவது. இருக்கையை எண்ணுவது படகின் முன்முனையிலிருந்து, உட்காருவது பின்பக்கம் பார்த்து; அதனால் வருடக்கணக்கில் உன் முதுகைப் பார்த்தே துழாவினேன்.

அங்கே ஒரு பழைய வழக்கம். துடுப்பைத் தாங்கும் இரும்புக் கையை, இருக்கை ஒன்றுக்கு இரண்டு நட்டு படகோடு பிடித்திருக்கும். ஆற்றில் இறங்கும் முன் அவரவர் நட்டை அவரவரே முறுக்க வேண்டும். அடுத்தவர் கை வைக்கக் கூடாது. என் நட்டு ஒருநாளும் தளர்ந்ததில்லை. மெக்கானிக்கல் படித்தவன் முறுக்கினால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை ஓய்ந்து ஆறு தெளிந்தபோது உன் வேகம் குறைந்தது. போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. போனில் பதிவான வேகக் கணக்கைக் கேப்டனிடம் காட்டி, இந்தப் படகில் மூன்றரை ஆள்தான் துழாவுகிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாய்.

"அப்போ அந்த அரை ஆள எறக்கி விட்டுருலே. படகு லேசாப் போவும்."

இறக்கிவிட்டோம். நீ ஊருக்கு வந்துவிட்டாய். நான்காம் நாள் நடு ஆற்றில் என் துடுப்பு ஆடியது. கரைக்கு வந்து பார்த்தால் நட்டு இரண்டும் கழலும் நிலையில் இருந்தன. படகுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவர் சாதாரணமாகச் சொன்னார்: "டெய்லி உன்னுதையும் சேத்து அந்தத் தம்பிதானே டைட் பண்ணும். நீதான் லேட்டா வர்ற ஆளாச்சே."

அன்றே உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். போட்டி முடியட்டும் என்று விட்டேன். ஜெயித்தோம். மறுவாரம் நீ இறந்த செய்தி வந்தது. இதயத்தில் வால்வு பழுது, வெகு நாளாகவே இருந்திருக்கும் என்றார்களாம் டாக்டர்கள். மோட்டார் சத்தம் லேசாக மாறினாலே பிரித்துப் பார்க்கிறவன் நான். உன் மூச்சு சத்தம் தினமும் என் முன்னாலேயே மாறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டு, கணக்கை மட்டும் எடுத்தேன்.

உன் இருக்கைக்கு மாற்று நட்டு இரண்டு போதும். பையில் நான்கு இருக்கிறது.

இனி:

1. எட்டரைக்கு உன் அப்பா கடைக்குக் கிளம்புவார். அதற்குள் நடந்ததைச் சொல்வது. என்ன சொன்னாலும் நின்று கேட்பது.

2. ஸ்பேனரைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவது.

3. கேட்காவிட்டால், திங்கள் முதல் எல்லோருக்கும் முன்னால் கொட்டகைக்குப் போய் மூன்றாம் இருக்கையின் நட்டுகளை முறுக்குவது. இப்போது அதில் உட்காருகிறவனுக்குத் தெரிய வேண்டாம்.