டேலியாக் கிழங்குக் குழம்பு

அன்புள்ள அம்மாவுக்கு செல்வின் வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? தலத்தெருவில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லையே? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். நான் நலம். பிரான்ஸ் குளிரும் பழகிவிட்டது.

நான் வேலை செய்யும் தோட்டத்தில் டேலியாச் செடிகள் முதல் உறைபனியில் கருகிவிட்டன. அவற்றின் கிழங்குகளைத் தோண்டியெடுத்து, வசந்தத்தில் மறுபடி நடுவதற்காக மணலில் புதைத்து வைக்கிறோம். கண் இல்லாமல் உடைந்தவை முளைக்காது என்று தலைமைத் தோட்டக்காரி மதாம் மோனிக் தூக்கிப் போட்டார். பார்த்தால் அசல் சர்க்கரைவள்ளி!

"எங்க ஊரா இருந்தா இதக் குழம்பு வச்சிருப்போங்க" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது மெக்சிகோவுலேருந்து வந்தது. அங்க சாப்பிட்டாங்க. இங்கயும் முதல்ல சாப்பிட்டுத்தான் பாத்தாங்க. ருசி பிடிக்கல, பூவுக்காக வளத்தாங்க. நீ குழம்பு வையி, நான் வர்றேன்" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த உடைந்த கிழங்குகளைப் போட்டுப் புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். சொன்னபடி வந்துவிட்டார். காரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுக, "இத்தன வருசமா நாங்க புளி ஊத்தாததுதான் தப்பு" என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அடுத்த ஞாயிறும் வருகிறாராம். பார்சலில் குழம்புத்தூளோடு ஒரு எவர்சில்வர் தட்டும் வையுங்கள் அம்மா. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. இத்தனை நாளாக இன்னொன்று தேவைப்படவில்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள்
செல்வின்