ஐயாவுக்கு எட்டு ஸ்பீக்கர்

மார்ச் 3, செவ்வாய்

பகல் முழுக்க அப்பாவின் பட்டறையில் கதவுக்கு உப்புத்தாள் தேய்த்தேன். தும்மினால் மரத்தூள் வருகிறது.

சாயங்காலம் ஆர்கன். என் ஆர்கனில் குழல் ஒன்றுகூடக் கிடையாது. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் நிற்கும் குழல்களை ஒவ்வொன்றாக ஊதவிட்டுப் பதிவு செய்து கம்ப்யூட்டருக்குள் போட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது மேலும் கீழுமாக இரண்டு பழைய கீபோர்டு, காலால் மிதிக்க அப்பா செய்து கொடுத்த மரக்கட்டைகள். மிதித்தால் அந்தக் குழல் இங்கே பேசும். சோப்பு டப்பா அளவில் இரண்டு குட்டி ஸ்பீக்கர் வழியாகப் பேசும். யானை தீப்பெட்டிக்குள் இருந்து பிளிறுவது போல.

அதனால் இன்று துணிந்து ஆர்கன்காரர்களின் இணையக் குழுவில் எழுதினேன்: "எனது சிறிய அறைக்கு எத்தகைய ஸ்பீக்கர் அமைப்பு உகந்தது என அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்." பேச வராதவள் எழுதினால் இப்படித்தான் வந்து தொலைக்கிறது. புனைபெயர் வேறு, நெட்டைக்குழல்.

முதல் பதில்: "நல்ல கேள்வி ஐயா."

ஐயாவா?

திருத்தத்தான் நினைத்தேன். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் மேசைக்கடியில் விழாத பேனாவைத் தேடுவேன். பத்தாவதோடு நின்றதே அதனால்தான். எனக்குப் போய் ஒருவர் "நல்ல கேள்வி" என்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 5, வியாழன்

குழு இரண்டாக உடைந்துவிட்டது. ஒரு கட்சிக்கு இரண்டு ஸ்பீக்கர் போதும். இன்னொரு கட்சிக்கு எட்டு வேண்டும், இல்லாவிட்டால் குழல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளுமாம். நடுவில் ஒருவர் பன்னிரண்டு என்றார். அவரை இரண்டு கட்சியும் சேர்ந்து திட்டியது.

அப்பா என் அறையை அளந்து பார்த்தார். "எட்டு வைக்கலாம் பாப்பா. ஆனா நீ அலமாரிக்குள்ள நின்னுக்கிட்டேதான் தூங்கணும்."

மார்ச் 6, வெள்ளி

"ஐயா சொல்லட்டும், கேட்டுக்கிறோம்" என்று இரண்டு கட்சியும் எழுதியிருக்கிறது. எனக்குத் தலையும் வாலும் புரியவில்லை. "அறையைப் பொறுத்தது" என்று மட்டும் எழுதினேன். ஆகா ஓகோ என்கிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

குழுவில் 'அடிநாதம்' என்று ஒருவர். லிஃப்ட் மெக்கானிக். இதே ஊர்! தன்னிடம் ஒரு ஜோடி ஸ்பீக்கரும், அடிச்சத்தத்துக்கென்றே ஒரு சப்வூஃபரும் சும்மா கிடக்கிறதாம். "அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாந்து மாட்டிக் காட்டறேன் ஐயா. உங்க வாசிப்பையும் கேட்ட மாதிரி இருக்கும்."

நான் யாரென்று தெரிந்தால் குழுவில் அப்புறம் யார் மதிப்பார்கள்? "சின்னப் பொண்ணா ஏமாத்துச்சு?" என்பார்கள். வேண்டாம் என்று எழுதப் போனேன். ஆனால் சப்வூஃபர்... "மகிழ்ச்சி. வரவும்" என்று எழுதியிருக்கிறேன். என் விரல்களை வெட்ட வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். "ஐயா வேணும்னா வீட்டுலதான் ஒருத்தர் இருக்காரே. மீசையோட" என்றார்.

அப்பா உடனே மீசையைத் தடவினார். அவருக்கு வெட்கமே கிடையாது. அதை எனக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

திட்டம் இதுதான். நான் வாசித்ததைக் கம்ப்யூட்டர் அப்படியே நினைவில் வைத்துத் திரும்ப வாசிக்கும். அப்பா முன்னால் உட்கார்ந்து கையை ஆட்ட வேண்டும். நான் பின்னால் துணி மடிப்பது போல நின்று பொத்தானை அமுக்குவேன்.

ஒத்திகை. அப்பா கீபோர்டை இழைப்புளி தள்ளுவது போலத் தள்ளுகிறார்.

"மெதுவாப்பா. இது பலகை இல்ல."

"நீ சும்மா இரு, எனக்கு இப்பத்தான் சுருதி சேருது."

சத்தமே வரவில்லை. நான் இன்னும் பொத்தானை அமுக்கவில்லை.

என்ன கேட்டாலும் "ம்ம்", மீறிக் கேட்டால் "அறையைப் பொறுத்தது". இரண்டே வசனம். மனப்பாடம் ஆகிவிட்டது என்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

லிஃப்ட் கம்பெனி வேனில் வந்தார். வாசல் உயரத்துக்கு ஆள், குரல் மட்டும் பஞ்சு. அப்பாவைப் பார்த்ததும் "வணக்கம் ஐயா" என்று இரண்டு கையையும் கூப்பினார். அப்பா "ம்ம்" என்றார். சரியாகத்தான் தொடங்கியது.

ஸ்பீக்கர் இரண்டையும் அலமாரி மேல் ஏற்றி, முகத்தைச் சுவர் மூலைக்குத் திருப்பி வைத்தார். "குழல் யாரு காதுலயும் வந்து ஊதாது. சுவத்துல பட்டு ரூம் முழுக்க நிறைஞ்சு வரணும். என்ன ஐயா?"

"அறையைப் பொறுத்தது."

"வாசிக்க ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு ஐயா?"

"அறையைப் பொறுத்தது."

அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

சப்வூஃபரைக் கட்டிலுக்குப் பக்கத்து மூலையில் வைத்தார். அப்பா உட்கார்ந்தார். நான் ஒரு போர்வையை மடித்தபடி பொத்தானை அமுக்கினேன்.

ஐயோ, அந்தச் சத்தம்! தரை பாதத்தைத் தொட்டுப் பேசியது. ஜன்னல் கண்ணாடி முனகியது. என் குழல்களுக்கு முதல்முறையாக உடம்பு வந்திருந்தது. அழுகை வந்தது.

அப்புறம் அடியில் ஒரு எருமை கத்தியது.

தப்புச் சுரம். என் இடது கால். பக்கத்துக் கட்டையை மிதித்திருக்கிறேன். இன்று நேற்றல்ல, இந்தப் பாட்டைக் கற்ற நாளிலிருந்தே! சோப்பு டப்பாவில் அந்த ஆழமான சுரங்கள் வரவே வராது. கேட்காததை எப்படித் திருத்துவது? அதே வரி திரும்பியது. மறுபடி எருமை. லிஃப்ட்காரர் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்பா தலையை ஆட்டி ஆட்டி ரசிக்கிறார். அந்த வரி மூன்றாவது முறை வரும். எனக்குத்தான் தெரியும், வரும்.

"தப்பு! அது தப்பு! எந்திரிங்கப்பா!"

கத்தியது நான்தான். போர்வை பறந்தது. அப்பா பயந்து இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

ஆர்கன் வாசித்துக்கொண்டே இருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அது எங்களைக் கண்டுகொள்ளவில்லை.

"நல்ல ஆர்கன் ஐயா," என்றார் லிஃப்ட்காரர். "யாரையும் தொந்தரவு பண்ணாம தானா வாசிச்சுக்குது."

அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். "அறையைப்..." என்றார். முடிக்கவில்லை.

நான் பாட்டை நிறுத்தினேன். உட்கார்ந்தேன். யாரும் இருப்பதை நினைக்காமல் அந்த வரியை மட்டும் வாசித்தேன். இடது காலை ஒரு கட்டை தள்ளி வைத்தேன். திரும்ப. இன்னொரு தடவை. பிறகு முழுதாக.

லிஃப்ட்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும், "இப்ப சரியா இருக்கு. கடைசியில மட்டும் கொஞ்சம் ஓடறீங்க" என்றார்.

ஓடறீங்க. என்னைத்தான்.

வேனில் ஏறும்போது சொன்னார்: "குழுவுல நான் எதுவும் சொல்ல மாட்டேன். அதை நீங்களே பாத்துக்கங்க."

மார்ச் 16, திங்கள்

இனி இதுதான் என் அமைப்பு. இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், மூலையைப் பார்த்து. பதிலுக்கு அப்பா லிஃப்ட்காரருக்கு ஒரு அலமாரி செய்கிறார்.

குழுவில் "இரண்டும் ஒன்றும்" என்று எழுதினேன். எட்டுக் கட்சி துக்கம் அனுசரிக்கிறது.

மார்ச் 18, புதன்

ஐயா யார் என்பதையும் சொல்லிவிடலாம் என்று எழுதினேன். அழித்தேன். எழுதினேன். அழித்தேன். சப்பாத்தி ஆறிப்போனது.

மார்ச் 22, ஞாயிறு

"ஐயா வீட்டில் எல்லோரும் கூடிக் கேட்போமே" என்று பன்னிரண்டுக்காரர் கிளப்பிவிட்டார். இரண்டு கட்சியும் வரத் தயார். "அடுத்த ஞாயிறு வரவும்" என்று நான் எழுதியதும், லிஃப்ட்காரர் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

அப்பா கேட்டார்: "நான் திரும்ப உக்காரணுமா? இந்தத் தடவை காலையும் ஆட்டறேன்."

மார்ச் 29, ஞாயிறு

மணி அடித்தது. அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "நீங்க இருங்கப்பா" என்றேன்.

வாசலில் ஏழு பேர். முன்னால் நின்றவர் என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயா இருக்காராம்மா?"

"நான்தான்," என்றேன். "உள்ள வாங்க."