விடுப்பு கேட்டு நின்ற நாள்

அன்புள்ள அத்தைக்கு,

முட்டிவலி குறைந்ததா? மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

"கஷ்டப்படறவங்களைப் பாத்துக்கற வேலையில சங்கம் என்னம்மா, கொடி என்னம்மா?" என்று போனில் கேட்டீர்கள். எங்கள் மேலாளரும் அதையேதான் கேட்கிறார், ஆனால் 'அம்மா' போடாமல். பாப்பாவைப் பார்க்க ஊருக்கு வர லீவு கேட்டால், "உங்களை நம்பி இத்தனை குடும்பம் இருக்கே" என்று வாயை அடைத்துவிடுவார். அதனால்தான் செவ்வாய்க்கிழமை சமூகப் பணியாளர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அலுவலக வாசலில் கோரிக்கை அட்டை பிடித்து நின்றோம். பயப்படாதீர்கள், நிழலில்தான்.

நான் வாரந்தோறும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். அன்று நான் போகவில்லையே, சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"வாராவாரம் வந்து சாப்பிட்டியா, தூங்குனியான்னு கேக்கறீங்களே அக்கா, உங்களை யாரு கேக்கறா?" என்றாள்.

"எங்க அத்தை கேப்பாங்க" என்றேன்.

"அட்டையைக் குடுங்க. நீங்க இவனைப் பிடிங்க."

அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். யாரும் திருத்தவில்லை. குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டான். நம் பாப்பா கனம்தான் இருந்தான்.

லீவு பற்றி வெள்ளிக்கிழமை பேச்சுவார்த்தை. லீவு கிடைக்கும்வரை பாப்பாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு உதவி அத்தை. என் மூக்குக்கண்ணாடி துடைக்க மெல்லிய துணி இல்லை. பாப்பா போட்டுக் கழற்றிய பனியன் ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மருமகள்