முதல் பாஞ்சோ

ஹாரோகேட்
3 நவம்பர் 1986

அன்புள்ள ஈனிட்,

இங்கே வந்தபின் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். திட்டிவிட்டாவது படி.

விக்டோரியா மகாராணி காலத்தில் இரண்டு பாஞ்சோ சேர்ந்து வாசித்த ஜோடி மெட்டுகளை இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிக்கும்படி திருத்தி எழுதுகிறேன். கடைசி ஒன்று மட்டும் படுத்துகிறது. இவர்கள் பாஞ்சோவில் கம்பித் தந்தி. அன்றைய பாஞ்சோவில் நரம்புத் தந்தி, மேளம் போல இழுத்துக் கட்டிய கன்றுத்தோல். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் முதல் பாஞ்சோவின் பங்கை எழுத முடியவில்லை. என்னோடு முதல் பாஞ்சோ வாசித்த நம் மகள் கிளெமியின் பழைய தோல் பாஞ்சோவை அனுப்புவாயா? அவள் போனதிலிருந்து பெட்டியில்தானே கிடக்கிறது. கட்டும்முன் தந்திகளை நன்றாகத் தளர்த்திவிடு, இல்லையென்றால் வழியில் தோல் கிழிந்துவிடும்.

உன் ரோலண்ட்

ஹேஸ்டிங்ஸ்
9 நவம்பர்

ரோலண்ட்,

திட்டிவிட்டுத்தான் படித்தேன். மகளைப் புதைத்த ஈரம் காயும்முன் மூட்டையைக் கட்டிய மனுஷனுக்கு இப்போது அவள் பாஞ்சோ வேண்டுமாம்.

அனுப்ப மாட்டேன். அது சும்மா கிடக்கவில்லை. கணப்பு மூட்டிய சாயங்காலங்களில் மூடிய பெட்டிக்குள்ளிருந்து ஒற்றைச் சுரம் வரும். நானும், "என்னடி கண்ணு?" என்பேன். பக்கத்து வீட்டு டோரீன் ஒருநாள் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "யாருடி உள்ள? ஆளு கீளு வச்சிருக்கியா? சொல்லவே இல்ல!" என்றாள். சிரித்து அனுப்பிவிட்டு அழுதேன். தந்தியைத் தளர்த்திவிட்டால் அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

ஈனிட்

ஹாரோகேட்
14 நவம்பர்

அன்புள்ள ஈனிட்,

அது தோலின் வேலை. உன் ஊர்க் கடல் ஈரத்தில் தொய்யும், கணப்புச் சூட்டில் இறுகும். இறுகும்போது தந்தி துள்ளும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இதைச் சொல்லி அவளை உன்னிடமிருந்து இன்னொரு தரம் பறிக்கிறேனோ என்னவோ.

அனுப்ப வேண்டாம், நீயே எடுத்துக்கொண்டு வா. ஜோடி மெட்டைத் தனியாக வாசிக்க என்னால் முடியவில்லை. அவள் தொடங்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறேன்.

உன் ரோலண்ட்

ஹாரோகேட்
24 நவம்பர்

அன்புள்ள ஈனிட்,

நேற்று நான் தேநீர் போடப் போய்த் திரும்புவதற்குள், பாஞ்சோ பெட்டியைப் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டாயே! உனக்காக வாங்கிய கேக்கை யார் தின்பது?

ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் மூடிய பெட்டி உன் மடியில் இருக்க, நான் என் பங்கை வாசித்தேன். கிளெமி தொடங்கும் இடம் வந்தது. பெட்டிக்குள்ளிருந்து அவள் பங்கும் வந்தது. ஒற்றைச் சுரம் இல்லை, முழு வரி, அவளுடைய அவசரத்தோடு. ஒரு பாஞ்சோவை வாசித்தால் பக்கத்தில் இருக்கும் இன்னொன்று முனகும். இது பாஞ்சோ வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, உன் முகத்தைப் பார்க்காமலே வாசித்து முடித்தேன்.

நீ போனபின் பெட்டியைத் திறந்தேன். ஐந்து தந்தியும் துணிக்கொடி மாதிரி தொங்குகின்றன. இப்படித் தளர்ந்த தந்தி முனகக்கூட முனகாது. எப்போது தளர்த்தினாய்? நான் அடுப்படியில் இருந்தபோதுதானே? ஆமாம் என்று எழுதிவிடு.

ரோலண்ட்

ஹேஸ்டிங்ஸ்
26 நவம்பர்

அன்புள்ள ரோலண்ட்,

இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்முன்பே தளர்த்திவிட்டேன், நீ எழுதியதை நம்பி, அழுதுகொண்டே. அப்புறம் உன் அறையில் அவள் வாசித்தபோது நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்று பயந்து ஓடிவந்தேன்.

உனக்கும் கேட்டதா?

சனிக்கிழமை வருகிறேன், கேக்கை வைத்திரு. தந்திகளைத் தொடாதே. அவள் வாசித்ததை அப்படியே எழுதிவிடு. அதுவரை பெட்டியை மட்டும் மூடிவிடாதே. அவளுக்கு இருட்டென்றால் ஆகாது.

உன் ஈனிட்